என் பேருக்கு வந்த கடிதம்

என் சிறுநீர் சுத்தமானது. நானாகச் சொல்லவில்லை. மூன்று வருடமாகக் கிளினிக்கில் தாளில் அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் இல்லை, கெட்ட அணு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அறுபத்தைந்து வயதில் இப்படி ஒரு பத்திரம் மலாக்காவில், இந்த ஜாசின் வட்டாரத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்? இருந்து என்ன, நாக்கு வழிக்கவா? அந்தப் பரிசோதனை எனக்கு உரியதே இல்லை, என் தம்பி ராமையாவுக்கு உரியது. அவன் உட்கார வேண்டிய நாற்காலியில் மூன்று வருடமாக நான் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ராமையா ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். தோட்டத்து லயத்தில், மழைக்காலத்தில். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி பேர் எழுத வந்தபோது அப்பா, "பொழைக்குதா பாப்போம், பொழைச்சா எழுதிக்கலாம்" என்று அனுப்பிவிட்டாராம். லயத்தில் அப்போது அதுதான் வழக்கம். சாகப்போகிற பிள்ளைக்கு யார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜாசினுக்குப் பஸ் ஏறுவார்கள்? பிள்ளை பிழைத்துக்கொண்டது. அப்பா மறந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் ஐசி, அதாவது அடையாளக் கார்டு, எடுக்கப் போனபோது, பிறப்புப் பத்திரம் எங்கே என்று பதிவு இலாகாவில் கேட்டார்கள். எங்களிடம் ஆள் இருந்தான், பத்திரம் இல்லை. அதற்குப் பிறகு அப்பா எத்தனை தடவை அலைந்தாலும் அடுத்த மாதம் வா, அடுத்த மாதம் வா என்பதுதான் பதில்.

ஐசி இல்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இருபத்தைந்து வயதுவரை என்னோடு எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டினான். எங்கள் காண்ட்ராக்டர் பேரே கேட்கமாட்டான், ஐசியா கேட்கப்போகிறான். பிறகு ஜெயமணியைக் கட்டிக்கொண்டான். கட்டியவளுக்கு நிலையான சம்பளம் காட்டவேண்டாமா? அந்தச் சமயத்தில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ரப்பர் குழாயும் கார் மிதியடியும் செய்கிற கம்பெனி. நான் என் ஐசியை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்தேன்.

"இந்தா, கொண்டுட்டுப் போ. மூஞ்சி ஒண்ணுதானே."

"அண்ணே, மாட்டிக்கிட்டா?"

"எவன்டா பாக்கப்போறான்? போ லா."

உண்மையிலேயே எவனும் பார்க்கவில்லை. நகல் எடுத்துக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இருபத்து நாலு வருடம் அந்தக் கம்பெனியில் அவன் பேர் பிச்சைமுத்து. அது என் பேர். கூட வேலை செய்தவர்கள் அவனை முத்து என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் ராமையா.

அவனைப் போட்ட இடம் கலவை அறை. ரப்பரோடு கரித்தூளையும் இன்னும் என்னென்னவோ மருந்துத் தூளையும் சேர்த்து மெஷினில் அரைக்கிற இடம். மூட்டையைக் கத்தியால் கிழித்து, தோளில் தூக்கி, மெஷின் வாயில் கொட்டவேண்டும். கொட்டும்போது எழும்புகிற புகையில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது என்பான். மூக்கைக் கட்ட ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். தினமும் ஆளுக்கு ஒரு பாக்கெட் பால் கொடுத்தார்கள். பால் குடித்தால் தூள் வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும் என்று வேலை வாங்குகிற மண்டோர் சொல்லியிருந்தான். நாங்களும் நம்பினோம். பால் கொடுக்கிற கம்பெனி நல்ல கம்பெனி என்று லயத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். ஜெயமணி மூன்று தடவை துவைத்தாலும் அவன் தலையணை உறை வெளுக்காது.

2012-இல் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டுப் பத்திரமில்லாதவர்களைப் பதிந்தார்கள். ஒரு வழியாக ராமையாவுக்கு, குடிமகனுக்குக் கொடுக்கிற நீல ஐசி வந்தது, நாற்பத்தொன்பது வயதில். கையில் வாங்கியதும் குழந்தை மாதிரி அழுதான். கம்பெனியில் என் பேரில், அதாவது பிச்சைமுத்து பேரில், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தப் பேரில் செலண்டாரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரனாகச் சேர்ந்தான். எனக்கு ஐம்பத்தைந்து வயதானபோது கம்பெனி என் பேரில் கட்டின சேமநிதியை நான் கையெழுத்துப் போட்டு எடுத்து அவனிடம் அப்படியே கொடுத்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

கடிதம் வந்தது 2022-இல். என் வீட்டுக்கு, என் பேருக்கு. கம்பெனியை வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கியிருந்தான். கலவை அறையில் முன்பு வேலை செய்த எல்லாரையும் வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுச் சோதிக்கப்போகிறார்களாம், சிறுநீர், ரத்தம் எல்லாம், செலவு அவர்களுடையது. அந்தத் தூளில் சிலது சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கொண்டுவரும், இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வரும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் தட்டுத்தடுமாறி மலாயில் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, ராமையாவும் ஜெயமணியும் பசியாற வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி வேலாயி தோசைக்கல்லை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அப்ப இவர் போயி காட்டணும், அவ்ளோதானே?" என்றாள் ஜெயமணி.

"எந்த ஐசியில போவான்? அவன் ஐசியில போனா, லிஸ்ட்ல ராமையான்னு ஆளே இல்ல. என் ஐசியில போனா, இப்ப மெஷின்ல கட்டை விரல் வைக்கச் சொல்றான். விரலு என்ன, மூஞ்சி மாதிரியா?"

"போகாம விட்டுட்டா?"

"ரெண்டு தடவ போன் அடிச்சிட்டா அந்தக் கம்பெனி ஆபீஸ் பொண்ணு. போகலன்னா வீட்டுக்கே வருவாங்க. வந்து, நீ எந்த மெஷின்ல நின்னேன்னு என்னைக் கேட்டா என்ன சொல்றது? சேமநிதி எடுத்தது வரைக்கும் நோண்டுவான். ரெண்டு பேரும் உள்ள போக வேண்டியதுதான்."

பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. லயத்தில் பிறந்தவனுக்கு எந்தச் சாமியைக் கண்டும் வராத பயம் பதிவு இலாகாவைக் கண்டால் வரும். ராமையாவின் முகம் வெளுத்துப்போனது. கஷ்டப்பட்டு வாங்கின நீல ஐசியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற நினைப்பு அவனுக்கு. கடைசியில் நான்தான் மேசையைத் தட்டி முடிவு சொன்னேன்.

"நானே போறேன். என் பேரு, என் ஐசி, என் விரலு. எவன் என்ன கேக்கப்போறான்?"

வேலாயி மட்டும் விடவில்லை. "ஏங்க, அறிவு இருக்கா? அவரு சாப்பிட்டா ஒங்க வயிறு நிறையுமா? ஒங்க மூத்திரத்தப் பாத்து அவரு ஒடம்ப எப்படிச் சொல்லுவாங்க?"

"வாய மூடுடி. தோசை கருகுது, போய்ப் பாரு."

அப்படித்தான் சொன்னேன். அந்த வீட்டில் அன்று புத்தியுள்ள ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் அடுப்படிக்கு விரட்டினேன்.

ஒரு வாரம் ராமையா எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். எந்த மெஷின், ஷிப்டுக்கு எத்தனை மூட்டை, மண்டோர் பேர் என்ன, மஞ்சள் தூள் எது, பழுப்புத் தூள் எது. நான் தப்பாகச் சொன்னால் சிரிப்பான். "பிச்சைமுத்து, நீங்க ஃபெயில்" என்பான். நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பை அறுபத்திரண்டு வயதில் படித்தேன்.

கிளினிக்கில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னேன். இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சுத்தம். அதை எடுத்துக்கொண்டு நேராக ராமையா வீட்டுக்குப் போனேன். ஜெயமணி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிச் சாமி மேடையில் வைத்தாள்.

"அப்ப எனக்கும் ஒண்ணும் இல்ல லா அண்ணே?" என்றான் ராமையா.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது என் ரிப்போர்ட்டுடா மடையா, நீ தனியாகப் போய்க் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவன் தோளில் தட்டினேன்.

"ஒரே வயித்துல பொறந்தோம். என் ரத்தந்தானே ஒனக்கு? எனக்கு இல்லன்னா ஒனக்கு எங்கேருந்து வரும்?"

சக்கரை வியாதி அப்பாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்தது, வழுக்கையும் வந்தது. நோய் என்றால் ரத்தத்தில் வருவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். மூட்டையிலிருந்து வருகிற நோயை நான் கண்டதில்லை. கடிதத்தில் எழுதியிருந்ததே என்று கேட்பீர்கள். எழுதியிருந்தது. நான்தான் வாசித்தேன். வாசித்ததைவிட நம்ப ஆசைப்பட்டதைத்தான் நம்பினேன்.

மறு வருடம் நோன்புப் பெருநாள் லீவில் ஒரு நாள் ராமையா என்னைத் தனியாகக் கூப்பிட்டான். காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளை மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, செவப்பா போச்சு."

"வலிக்குதா?"

"வலி இல்ல. அதான் ஒரு மாதிரியா இருக்கு."

"வலி இல்லன்னா சூடுதான்டா. நாள் பூரா வெயில்ல புல்லு வெட்டுற, தண்ணி குடிக்கிறியா நீ? ரெண்டு எளநி வெட்டிக் குடி. சனிக்கெழம எண்ணெய் தேச்சுக் குளி."

இளநீர் குடித்தான், எண்ணெய் தேய்த்துக் குளித்தான். நாலாம் நாள் சிவப்பு நின்றுவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று எனக்கு ஒரே கர்வம். அது தானாக வரும், தானாக நிற்கும், வலிக்காது என்று இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வியாதி அப்படித்தான் மனுசனை ஏமாற்றுமாம். அதே மாதம் என் இரண்டாம் ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தது. ஜெயமணி அதையும் சாமி மேடையில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை ஜெயமணி பார்த்துவிட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்து அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினாள். மலாய் பேச்சுக்குத் துணையாக நானும் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், தலையில் துடோங் முக்காடு போட்டிருந்தாள், பெரியவர்களைப் பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். புகைபிடிப்பீர்களா என்றாள். இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"வேலை என்ன, பாக்சிக்? இதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க? பேக்டரி ஏதாவது?"

ராமையா என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தது எனக்குத் தெரியும். திறந்த வாயை நான் மூடினேன்.

"தோட்டம்," என்றேன். "சின்னதுலேருந்து தோட்ட வேலைதான், டாக்டர். செம்பனை. இப்ப பள்ளிக்கூடத்துல புல்லு வெட்டுறான்."

அவள் எழுதிக்கொண்டாள். சிறுநீரில் கிருமி இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தாள். மாத்திரையில் சிவப்பு நின்றது. மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை. கல்லாக இருக்கலாம் என்றார்கள், ஸ்கேனுக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நாளில் சிவப்பு நின்றிருந்ததால் இவன் போகவே இல்லை. அந்த டாக்டர் பெண்ணைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பொய் சொன்னவன் நான். இப்படியே இன்னொரு வருடம் ஓடியது, என் மூன்றாம் ரிப்போர்ட்டும் வந்தது.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு காலையில் ராமையாவுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. ரத்தக் கட்டி அடைத்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் இருந்த கட்டி சதையைத் தாண்டி, ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போயாகிவிட்டது. வெட்டி எடுக்க வழியில்லை. மருந்து ஏற்றிக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அதற்கும் அவன் உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

அவன் மகள் ராகினி அப்போதுதான் ஜோகூர் வேலையை விட்டுவிட்டு ஆயர் கெரோ பக்கம் ஒரு ஆபீஸில் சேர்ந்திருந்தாள். இருபத்தேழு வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். டாக்டர் அவளிடம், உங்கள் அப்பா சிகரெட் பிடிக்காதவர், தோட்டக்காரர், இவருக்கு இது வந்தது ஆச்சரியமாக இருக்கிறது என்றிருக்கிறார். அவள் நேராக வராந்தாவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, அப்பா ரப்பர் கம்பெனில இருபது வருசத்துக்கு மேல இருந்தாரு. எனக்குத் தெரியும், கேட் கிட்ட நின்னு சாப்பாடு குடுத்திருக்கேன். ஃபைல்ல ஏன் தோட்டம்னு எழுதியிருக்கு? யாரு சொன்னது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐசி, கடிதம், கட்டை விரல், மூன்று ரிப்போர்ட். அவளுக்கு அப்பாவின் கம்பெனிப் பேர் விஷயம் தெரியாது. முத்து என்பது செல்லப்பேர் என்று நினைத்திருக்கிறாள்.

"மூணு வருசம்," என்றாள். "மூணு வருசம் ஓசியில டெஸ்ட் இருந்துச்சு. எங்கப்பாவுக்குன்னு இருந்துச்சு. நீங்க போயி ஒங்க மூத்திரத்தக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அதக் கொண்டாந்து சாமி மேடையில வச்சிருக்கீங்க. மனுசங்களா லா நீங்கல்லாம்?"

"புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு..."

"புடிச்சா என்ன? ஜெயில்ல இருந்தா வெளிய வந்துடலாம். இதுலேருந்து எப்படி பெரியப்பா வெளிய வருவாரு?"

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை, பேச விட்டதுமில்லை. அன்று அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த மாதம் நாலாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ராமையாவிடம் வழக்கம்போலப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ராகினி, காரை நானே ஓட்டிவருகிறேன் என்று காடியில் ஏறிக்கொண்டாள். நான் மறுபடி பொய் சொல்லிவிடுவேனோ என்ற சந்தேகம் அவளுக்கு. சந்தேகப்படாமல் இருப்பாளா? வேலாயியிடம், நான் வராவிட்டால் சக்கரை மாத்திரை டப்பா அலமாரியில் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தனுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். லோக்காப்பில் போடுவார்கள் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பினேன்.

கம்பெனி வைத்த அந்தக் கிளினிக் டாக்டர் சீனர், என்னை மூன்று வருடமாகப் பார்த்து வருகிறவர். சிறுநீர்ப் புட்டியை என் கையில் கொடுத்தார். நான் அதை மேசையில் வைத்தேன்.

"டாக்டர், நான் அந்த ரூமுக்குள்ள காலே வச்சதில்ல," என்றேன் மலாயில். "வேல செஞ்சது என் தம்பி. என் பேர்ல செஞ்சான். அவனுக்கு அப்ப ஐசி இல்ல. இந்த மூணு வருசமும் நான் ஒங்கள ஏமாத்திட்டேன். போலீஸக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"போலீஸா? எதுக்கு?"

"ஐசி மாத்தினதுக்கு."

"பாக்சிக், நான் டாக்டர். கலவை ரூம்ல நின்ன ஆள் யாருன்னுதான் எனக்குத் தெரியணும். தோட்டத்துப் பக்கம் இப்படி வேற பேர்ல வேல செஞ்சவங்க இங்கேயே மூணு பேர் வந்திருக்காங்க. வந்து சொன்னாங்க, லிஸ்ட்ல பேர மாத்தி எழுதிட்டுச் சோதிச்சோம். கம்பெனியும் ஒண்ணும் சொல்லல. ஒரு ஆளுக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சோம். அரிசி அளவுதான் இருந்துச்சு. சுரண்டி எடுத்து ரெண்டே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப பாசார்ல மீன் விக்கிறாரு." அவர் பேனாவை எடுத்தார். "தம்பி பேர் என்ன? நாளைக்கே வரச் சொல்லுங்க."

நான் ராகினியைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள், எந்த வார்டு, எந்தக் கட்டில், எதுவரைக்கும் பரவியிருக்கிறது என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன்னால் முடிந்தது, ஆஸ்பத்திரிக்கு அவன் செய்த வேலையைப் பற்றிக் கடிதம் எழுதிக் கொடுப்பது, கலவை அறைக் கணக்கில் என் மூன்று ரிப்போர்ட்டையும் அடித்துவிட்டு அவன் பேரை ஏற்றுவது என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து கதவுவரை வந்து கையைப் பிடித்து அனுப்பினார். ஐயோ, அந்த மனுசன் என்னை அறைந்திருக்கலாம்.

காடியில் ஏறியதும் வாய்விட்டு அழுதேன். மூன்று வருடம் எதற்கு நடுங்கினேனோ அந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒருவனும் எங்களைப் பிடிக்கக் காத்திருக்கவில்லை. மலாக்கா போகிற வழியில் ராகினி ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

பார்வை நேரம் தொடங்கியிருந்தது. ராமையா சுவர்ப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தான். கட்டிலோரம் பையில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயமணி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னண்ணே, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்டா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எதுக்குண்ணே சொன்ன? நான் இவ்ளோ நாளு வாய மூடிக்கிட்டு இருந்தது எதுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. நான் மூடினதால் அல்லவா அவன் வாய் மூடிக்கிடந்தது?

"மொத நாளு செவப்பப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்ணே," என்றான். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. "கலவையில என்கூட நின்ன அசான் இப்படித்தான் போனான். பெரிய மெஷின்ல இருந்த ஆ சோங்கும் இப்படித்தான். சூடு இல்லன்னு எனக்குத் தெரியும். ஒனக்காகத்தான் எளநி குடிச்சேன்."

"ஏன்டா சொல்லல, பாவி?"

"சொன்னா அந்தக் கம்பெனிய சொல்லணும். கம்பெனிய சொன்னா ஒன் பேருதான் வரும். கையெழுத்துப் போட்டதெல்லாம் நீ. எனக்கு சோறு போட்ட பேருண்ணே அது. நீ போயி லோக்காப்ல உக்காந்திருந்தா அண்ணி மூஞ்சில எப்படி முழிப்பேன்? சரி, போனா போகுது, ஒரு ஆளு போதும்னு விட்டுட்டேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவன் சொல்லாமலிருந்தது என்னைக் காப்பாற்ற. நான் சொல்லாமலிருந்தது அவனோடு சேர்த்து என்னையும் காப்பாற்ற. அவன் செலவழித்தது முழு உயிர், அதுவும் தெரிந்தே.

"என்ன சொன்னாங்க அங்க?" என்றான். கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தான். "கேஸ் போடுவாங்களா? சொல்லுண்ணே. முன்னாடியே சொல்லியிருந்தா புடிச்சிருப்பாங்கதானே?"

ராகினி காலடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து பொய் பேசக்கூடாது என்று என்னோடு வந்தவள். மீன் விற்கிற ஆளைப் பற்றி டாக்டர் சொன்னதை அவளும்தான் காதால் கேட்டிருந்தாள்.

"ஆமாடா," என்றேன். "டாக்டர் அதான் சொன்னாரு. அப்பவே தெரிஞ்சிருந்தா ரெண்டு மூணு வருசம் உள்ளதான் போட்டிருப்பாங்களாம். இப்ப நாளாயிடுச்சு, வயசும் ஆயிடுச்சுன்னு விட்டுட்டாங்க. நீ வாயத் திறக்காததாலதான்டா நான் வெளியில இருக்கேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நீல ஐசி வாங்கின அன்றுகூட நான் அதைப் பார்க்கவில்லை.

"பாத்தியா," என்றான் மகளிடம். "ஒங்கப்பன் முட்டாளுன்னு நெனச்சியே."

ராகினி போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். "இல்லப்பா," என்றாள்.